வெளிச்சம் வரும் பக்கம்

பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஏழாவது மாடி. பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாசல் நிலையில் கட்டிய மாவிலை காய்ந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் ஹாலின் நடுவில் நின்று, பால்கனிக்கு நேர் எதிரே இருந்த பெரிய சுவரைக் காட்டினாள்.

"இங்கதான் அக்கா வேணும். ஆறுக்கு நாலு. தாமரைக் குளம் மாதிரி. உள்ள நுழைஞ்ச உடனே கண்ணுல படணும்."

நான் சுவரைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று பால்கனியைப் பார்த்தேன். மாலை நாலரை மணி. மேற்கு வெயில் தடையில்லாமல் நேரே வந்து அந்தச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி என் கையை விரித்துப் பிடித்தேன். நிழல் கைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டது. பிறகு பால்கனிக்குப் பக்கவாட்டில், சோபா போட்டிருந்த சுவருக்குப் போய் அதேபோலப் பிடித்தேன். விரல்களின் நிழல் ஒரு முழ நீளத்துக்கு ஓடியது.

திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னேன். விளக்குகளையும் அணைக்கச் சொன்னேன். அவளுடைய மாமியார் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். கைபேசியின் டார்ச்சைச் சுவரோடு கன்னம் வைத்தாற்போல் பிடித்தேன். அதுவரை கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்த புதுச் சுவரில் பட்டி இழுத்த தகட்டின் தடம், பெயிண்ட் உருளை விட்டுப்போன பொரிகள், வயர் குழாய்க்காக வெட்டி மூடிய கோடு எல்லாம் எழுந்து நின்றன.

"இவ்வளவு மேடு பள்ளமா? யாரும் சொல்லவே இல்லையே!" என்றாள் அந்தப் பெண்.

"எல்லாச் சுவரும் இப்படித்தாம்மா. வெளிச்சம் பக்கத்துலேர்ந்து வந்தா சுவர் பேசும். நேரா வந்தா வாயை மூடிக்கும். உனக்குத் தாமரை வேணும்னா சோபா சுவர்லதான் வைக்கணும். பகல்ல பால்கனி வெளிச்சமே அதுக்குப் போதும்."

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்து, சோபாவை நகர்த்திவிட்டதாகச் செய்தி அனுப்பினாள்.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கிற இந்தப் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பிடித்தது அரிக்கேன் விளக்கு.

அப்பா கொத்தனார். கும்பகோணத்தைச் சுற்றிய ஊர்களில் வீட்டு வேலை செய்வார். எந்தக் கோயிலிலாவது திருப்பணி என்று தெரிந்தால் வீட்டு வேலையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுச் சுதை வேலைக்குக் கிளம்பிவிடுவார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தரம் கும்பாபிஷேகம் என்பது முறை. எங்கள் பக்கம் கோயில்களுக்குப் பஞ்சமில்லாததால் எங்காவது ஒரு கோபுரத்தில் சவுக்குக் கழிச் சாரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் நான் அவருக்குச் சித்தாள். மணல் சலிப்பேன், சுண்ணாம்பு அரைப்பேன், தண்ணீர் தூக்குவேன்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டால் அது சீறும், கொதிக்கும், ஆவி கிளம்பும். தள்ளி நில் என்று அப்பா அதட்டுவார். அடங்கிய பிறகும் உடனே கையில் எடுக்க மாட்டார். தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கவிடுவார். நாள் ஆக ஆக அது இழையும். கடுக்காயை நசுக்கி ஊறப்போட்ட தண்ணீர், வெல்லத் தண்ணீர், மெல்லிய மணல் சேர்த்து அரைத்து, விரலால் தொட்டால் வெண்ணெய்போல் வழுக்கும்வரை விடமாட்டார். அந்தக் கடுக்காய் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. துவர்ப்புக்கு வாசனை உண்டு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

செங்கல் துண்டுகளை அடுக்கி உருவத்துக்கு உடம்பு கொடுப்பார். அதன்மேல் முரட்டுச் சாந்து, அதன்மேல் மெல்லிய சாந்து என்று பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றி, கடைசியில் கண், மூக்கு, நகை. சிமெண்ட் வந்த பிறகு எல்லாரும் அதற்கு மாறினார்கள். அப்பாவும் மாறினார், வேலை கொடுப்பவர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "சிமெண்டு நம்மள வெரட்டும். சுண்ணாம்பு நம்மளுக்காக ஒக்காந்திருக்கும்." அது உண்மை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கித் திரும்பவும் கல்லாகிறது. அதுவரை உருவத்தைத் திருத்த நேரம் கொடுக்கும். இறுகிய பிறகும் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசிய இடங்கள் ஓதம் ஏறிப் பாளம் பாளமாகப் பெயர்ந்ததைப் பிற்பாடு எத்தனையோ வீடுகளில் பார்த்தேன்.

ஒரு திருப்பணியில், பிரகாரத்துச் சுவரில் இரண்டடி உயரத்தில் ஒரு துவாரபாலகர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அரிக்கேனைத் தூக்கி உருவத்தின் தலைக்கு மேல் பிடித்தார். பிறகு இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் முகம் வேறாக இருந்தது. எங்காவது நிழல் தடித்தால் கரணை முனையால் ஒரு சுரண்டல், மெலிந்தால் ஒரு துளி சாந்து. கடைசியில் குனிந்து விளக்கைத் தரையில் வைத்தார்.

"கீழேர்ந்து யாருப்பா பாக்கப் போறா?" என்று கேட்டேன். எனக்குத் தூக்கம் வந்துவிட்டிருந்தது.

"கீழேர்ந்து யாரும் பாக்க மாட்டாங்க பாப்பா. ஆனா வெளக்க எங்க வப்பாங்க? தரையிலதான?"

நாலு பக்கமும் விளக்குக் காட்டாமல் அவர் ஓர் உருவத்தையும் விட்டுவிட்டு வந்ததில்லை. "நாம செய்யிறது உருவம் இல்ல. நெழலு விழறதுக்கு எடம்" என்று சொல்வார். இன்று நான் தொழிலாகச் செய்வதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அதே வயதில் என் மனதில் பதிந்த இன்னொரு சுவர் உண்டு. அதைக் கலை என்று சொல்ல எனக்கு வெகுநாள் துணிச்சல் வரவில்லை. அத்தை வீட்டுக் கொல்லைச் சுவர். அத்தையும் அவருடைய மாமியாரும் தினமும் காலையில் சாணியைப் பதமாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, சுவரில் அறைந்து வறட்டி தட்டுவார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஐந்து விரல் தடம். அத்தையின் கை சிறியது, விரல்கள் நெருங்கி விழும். பாட்டியின் கையில் சுண்டுவிரல் வளைந்திருந்ததால் அவர் தட்டிய வறட்டிகளில் ஓரத்தில் ஒரு பிறை இருக்கும். சாயங்காலம் வெயில் கொல்லைப் பக்கம் சாயும்போது, நூறு நூற்றைம்பது வட்டங்களிலும் விரல் பள்ளங்கள் கறுத்து, விளிம்புகள் பொன்னாக மின்ன, அந்தச் சுவர் முழுவதும் மூச்சு விடுவதுபோல் இருக்கும். எந்த வறட்டியை யார் தட்டினார்கள் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். காய்ந்ததும் பெயர்த்து அடுக்கிவிடுவார்கள். சுவரில் வட்ட வட்டமாகக் கறை மட்டும் நிற்கும். அடுத்த நாள் வேறு சுவர்.

1988இல் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கோயில் வேலைக்கு அப்பா போனபோது நானும் போனேன். ஒருநாள் ஓய்வு கிடைத்தது. மாமல்லபுரம் போகலாம் என்றார். விடியும் முன்பே போய் இறங்கிவிட்டோம். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நாங்கள் நிற்கும்போது சூரியன் கடலிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. பாறை கிழக்கு பார்த்தது. 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட அந்தப் பாறை மொத்தமும் செம்பொன்னாக ஆகிவிட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல், "வா, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றார்.

டீக்கடை, கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் என்று சுற்றிவிட்டுப் பத்தரை மணிக்குத் திரும்பவும் அங்கேயே கூட்டிவந்தார். "இப்ப பாரு."

வெயில் இப்போது மேலேயிருந்து பாறையின் முகத்தை உரசிக்கொண்டு இறங்கியது. காலையில் தட்டையாகத் தெரிந்த பெரிய யானையின் வயிற்றுக்கு அடியில் ஆழமான இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து குட்டி யானைகள் தலை நீட்டின. ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் எழுந்தன. நடுவில் பாறை இயற்கையாகவே பிளந்த இடத்தில் நாகங்கள் அசைந்தன. காலையில் நான் பார்த்தது நிறத்தை. உருவங்கள் இப்போதுதான் வந்தன. மத்தியானத்துக்குப் பிறகு சூரியன் பாறைக்குப் பின்னால் போய்விட, மொத்தமும் ஒரே சாம்பல் நிழலில் அடங்கியது.

"இதச் செஞ்சவனுக்கு எந்த நேரத்துல எது எந்திரிக்கும்னு தெரியும்" என்றார் அப்பா. பல்லவர் காலத்துச் சிற்பியைப் பக்கத்து ஊர்க் கொத்தனாரைப்போல அவர் ஒருமையில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரியில் கற்றதில் இன்றும் கையோடு இருப்பது சுடுமண். ஓர் ஆசிரியர், லக்னோவில் ரவீந்திராலயத்தின் சுவரில் கே. ஜி. சுப்ரமணியன் 1963இல் சுடுமண் ஓடுகளால் செய்த நீண்ட புடைப்புச் சித்திரத்தின் படத்தைக் காட்டினார். தாகூரின் ஒரு நாடகத்தை வைத்துச் செய்தது. அத்தனை பெரிய சுவரை அவர் கையளவு ஓடுகளாகப் பிரித்திருந்தார். களிமண்ணை ஒரே பாளமாகச் செய்தால் காயும்போதே இழுத்துக்கொண்டு வெடிக்கும், சூளையில் இன்னும் சுருங்கும். பத்தங்குலம் வேண்டுமென்றால் பதினொரு அங்குலம் செய்ய வேண்டும். தடித்த இடத்தில் பின்பக்கம் குடைந்து எடுக்க வேண்டும். துண்டுகளாகப் பிரித்தால் இந்தத் தொல்லைகள் குறையும். அதோடு இணைப்புக் கோடுகளே சித்திரத்தின் கோடுகளாகிவிடும். கொத்தனார் மகளுக்கு இது எளிதில் புரிந்தது. செங்கல் வரிசையும் அப்படித்தானே.

சென்னைக்கு வந்து, வீடுகளுக்குச் சுவர்ச் சிற்பம் செய்து பிழைக்கலாம் என்று தொடங்கியபோது, வெளிச்சத்தைப் பற்றித் தெரிந்த அளவு எனக்கு எடையைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. ஓர் அங்குலத் தடிமனுள்ள சுடுமண் ஓடு ஒரு சதுர அடிக்கு நாலரைக் கிலோ வரும். ஆறுக்கு நாலு என்றால் 24 சதுர அடி, நூறு கிலோவைத் தாண்டும். 2004இல் ஒரு வீட்டில் அப்படியொரு சிற்பத்தைச் சுவரில் நேராக ஒட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல்பாதி அப்படியே பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில்தான் பகலில் அந்த வீட்டுக் குழந்தை உட்கார்ந்து விளையாடும். இரவு என்பதால் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்பாவுக்கு போன் செய்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். விழுந்த ஓடு ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் தடவினார். அதில் பட்டியும் பெயிண்டும் தோல்போல ஒட்டிக்கொண்டிருந்தன.

"நீ செவுத்துல ஒட்டல. பெயிண்டுல ஒட்டியிருக்க."

அந்த வீட்டுக்காரரிடம் அவர் எனக்காக ஒன்றும் பேசவில்லை. நான்தான் பேசினேன், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா அன்று முழுவதும் என்னோடு உட்கார்ந்து, பூச்சைக் கொத்தி முரடாக்குவது எப்படி, எந்தச் சுவர் தாங்கும், எது தாங்காது என்று தட்டித் தட்டிக் காட்டினார். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரின் ஓசை வேறு, ஒன்பது அங்குலச் சுவரின் ஓசை வேறு. இப்போதைய வீடுகளில் இன்னும் இரண்டு வகை சேர்ந்திருக்கின்றன: உள்ளே காற்றுக் குமிழிகள் கொண்ட இலேசான கற்கள், அச்சில் ஊற்றி எடுத்த முழுக் கான்கிரீட் சுவர்கள். முன்னதில் சாதாரணத் திருகாணி பிடிக்காது, பின்னதில் துளை போடுவதே பெரும்பாடு. அன்று முதல் நான் எதையும் சுவரில் நேரடியாக ஒட்டுவதில்லை. சாய்வாக அறுத்த கட்டை ஒன்றைச் சுவரில் இறுக்கி, அதற்கு எதிர்ச்சாய்வான கட்டையைப் பலகையின் முதுகில் அறைந்து, ஒன்றை ஒன்று கவ்வும்படி மாட்டுகிறேன். வீடு மாறினால் கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

எடையைக் குறைக்கும் வழி தேடித்தான் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்துக்கு அடிக்கடி போனேன். கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய ஓவியர் கிராமம். அங்கே பி. வி. ஜானகிராமின் உலோகத் தகட்டு உருவங்களின் முன்னால் நெடுநேரம் நிற்பேன். தகட்டைத் தட்டிப் புடைக்க வைத்து, அதன்மேல் கம்பியையும் தகட்டுத் துண்டுகளையும் பற்றவைத்து அவர் செய்த உருவங்கள் பெரும்பாலும் முன்பக்கம் பார்த்தவை. கோயிலில் சாமிக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும். தடிமன் இல்லாமலேயே ஆழம் காட்ட முடியும் என்பதை அவற்றில்தான் பார்த்தேன். தஞ்சாவூர் ஓவியமும் அதைத்தான் சொல்கிறது. பலகையில் சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்து மேடு கட்டி, அதன்மேல் தங்க ரேக் ஒட்டுகிறார்கள். அந்த மேடு கால் அங்குலம்கூட இருக்காது. விளக்கை ஏற்றிய பூஜையறையில் அந்தக் கால் அங்குலம் போதும், கிருஷ்ணனின் கைவளை தனியே எழுந்து நிற்கும். கொலு பொம்மைக்காரர்கள் பயன்படுத்தும் காகிதக் கூழையும் எடுத்துக்கொண்டேன். காகிதக் கூழில் செய்த பலகையை ஓர் ஆளே தூக்கி மாட்டிவிடலாம்.

இப்போது கடைகளில் சுவர் அலங்காரத்துக்கு என்னென்னவோ கிடைக்கிறது. இயந்திரம் அறுத்த மரத்தூள் பலகைகள், அலை அலையான பிளாஸ்டிக் தகடுகள், மேடுபள்ளம் இருப்பதுபோல் அச்சடித்த தாள்கள். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் அவற்றை வாங்குவதில் எனக்கு வருத்தம் இல்லை. மரத்தூள் பலகையை மட்டும் மழைக்காலத்தில் ஓதம் காக்கும் சுவரில் மாட்டாதீர்கள், ஊறிப்போய் ஓரம் உப்பிவிடும். அச்சடித்த தாளைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதில் நிழலையும் சேர்த்து அச்சடித்துவிடுகிறார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த நிழல் ஒரே பக்கமாக விழுந்து கிடக்கும். காலையும் மாலையும் அதற்கு ஒன்றுதான்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் புத்தர் முகம் கேட்பார்கள். அடுத்தபடி ஏழு குதிரை. நான் மறுப்பதில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று பேசுவதற்கு முன்னால் வீட்டைக் காலையில் ஒரு முறையும் விளக்கு வைத்த பிறகு ஒரு முறையும் பார்த்துவிடுவேன். பெரும்பாலான வீடுகளில் பொய்க்கூரையில் வட்ட விளக்குகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளியிருந்தால் சுவர் முழுக்க வெளிச்சம் பரவும், மேடு பள்ளம் கரைந்துபோகும். அதையே ஓர் அடிக்குள் கொண்டுவந்தால் வெளிச்சம் சுவரை உரசி இறங்கும். அரை அங்குல மேடும் அப்போது ஐந்து அங்குல நிழல் தரும். விளக்கு மஞ்சள் சாய்ந்ததாக இருந்தால் சுடுமண்ணுக்கு நல்லது. சிற்பத்துக்குப் பல நிறம் பூச வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். கலர் பூசினால் கண் கலரைத்தான் பார்க்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவர்களைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கியிருப்பார்கள். சாய்ந்து உட்காரும் இடம், கை படும் இடம் எல்லாம் அந்த வழவழப்பு. கஜலட்சுமியும் மற்றச் சுதை உருவங்களும் முகப்பின் உச்சியில், கை எட்டாத இடத்தில். எங்கே மேடு வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை வீட்டில் நடமாடும் உடம்புகளை வைத்தே முடிவு செய்திருக்கிறார்கள். நாற்காலி உரசும் உயரத்திலும், குழந்தைகள் பள்ளிப்பையோடு திரும்பும் நடையிலும் நான் எதையும் வைப்பதில்லை. அடுப்பங்கரைக்கு அருகிலும் கூடாது. எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்தால் எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது.

சில வருடங்களாக எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு லிப்பன் வேலை சொல்லித் தருகிறேன். கட்ச் பாலைவனத்தில் ரபாரிகள் போன்ற மக்கள், மண்ணையும் சாணத்தையும் பிசைந்து, புங்கா எனும் வட்டக் குடிசைகளின் உள்சுவரில் கோடு கோடாக மேடு கட்டி, இடையிடையே சிறு கண்ணாடிகள் பதிப்பார்கள். ஒரு விளக்கு ஏற்றினால் அத்தனை கண்ணாடியிலும் அது எரியும். நாங்கள் செய்வது பலகைமேல், பீங்கான் தூளும் ஃபெவிகாலும் குழைத்து. மண் வாசனை இல்லைதான். ஆனால் முதல் வகுப்பில் நான் கண்டது என்னை நிறுத்திவிட்டது. மருதாணிக் கூம்பில் கலவையை அடைத்து, வட்டமாக இழை போடுங்கள் என்றேன். பாதிப் பேருக்கு இழை நடுங்கியது. அறுபதைத் தாண்டிய இரண்டு பேருக்கு மட்டும் கை நிற்கவே இல்லை. ஒரே தடிமனில், ஒரே வேகத்தில், வளைந்து திரும்பித் தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டியது. கேட்டால், "கோலம்தானே இது" என்றார்கள். புள்ளிக்கு ஒரு கண்ணாடி வைத்துச் சிக்குக் கோலத்தை மேடாக இழைத்தோம். அவர்களில் ஒருவர் வீட்டில் அது பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் வாசலில் போடும் கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டுப் போய்விடுகிறது, இது போகாது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பா 2011இல் காலமானார். அவருடைய கரணைகளில் மூன்று என்னிடம் இருக்கின்றன. ஒன்றின் முனை தேய்ந்து தேய்ந்து வேப்பிலை அளவுக்கு ஆகிவிட்டது.

பள்ளிக்கரணை வீட்டுத் தாமரைக் குளத்துக்கு நான்கு மாதம் ஆனது. ஓரடி ஓடுகள் இருபத்துநான்கு. அதிகபட்ச உயரம் ஒன்றேகால் அங்குலம். இலைகளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்த்து, பால்கனிப் பக்கத்து விளிம்பை மட்டும் மெல்லியதாகச் சீவினேன். மொக்குகள் மூன்று, மலர்ந்தது ஒன்றே ஒன்று. தண்ணீருக்கு ஒன்றும் செய்யவில்லை, சீப்பால் இழுத்த கோடுகள் மட்டும். ஒன்பது அங்குலச் சுவர், கட்டையெல்லாம் இறுக்கி, நான்கு பலகைகளாக மாட்டி, ஓடுகளுக்கு இடையே சாந்து வைத்துத் துடைத்தேன். அந்தப் பெண்ணின் மாமியார் கீழ் வரிசையில் ஓர் இலையைத் தடவிப் பார்த்து, "வறட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்னது தவறோ என்று என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்றேன். அந்த இலையின் நடுவில் என் கையைத்தான் அழுத்தியிருந்தேன். அவர் எந்த ஊர் என்று கேட்டேன். திருவாரூர்ப் பக்கம். அன்று எனக்கு அங்கேதான் சாப்பாடு.

கிளம்பும் முன் விளக்குகளை அணைத்து டார்ச் பிடித்தேன். மேலிருந்து, இடப்பக்கம், வலப்பக்கம். எல்லாம் சரியாக இருந்தது. கூரையில் விளக்கைச் சுவருக்கு நெருக்கி வைத்தாயிற்று, பகலுக்குப் பால்கனி இருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று மாலை ஏழு மணிக்கு அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, உடனே வர முடியுமா? அத்தை கரண்டையெல்லாம் அணைச்சுட்டு, தாமரைக்குக் கீழ வரிசையா அகல் வச்சிருக்காங்க. வேற மாதிரி இருக்கு. நீங்க பாக்கணும்."

லிஃப்டிலிருந்து இறங்கியதும் எண்ணெய் வாசனை. ஹாலில் தரையோடு தரையாகப் பதினைந்து இருபது அகல்கள். சுவரில் நான் செய்த குளத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நிழல்கள் எல்லாம் மேல்நோக்கி எழுந்து, இலைகள் தலைகீழ் நீரில் மிதப்பதுபோல் இருந்தன. சுடர் அசைய அசைய சீப்புக் கோடுகளில் தண்ணீர் ஓடியது. மூடியிருந்த மொக்கு ஒன்று திறந்திருந்தது. மாமியார் பாயில் உட்கார்ந்து பொரி உருண்டையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு, குனிந்து பார்த்தேன். கீழ் வரிசையில், இடமிருந்து இரண்டாவது, மூன்றாவது ஓடுகளுக்கு இடையே சாந்து ஒரு நூலளவு துருத்திக்கொண்டிருந்தது. கூரை விளக்கிலும் பால்கனி வெளிச்சத்திலும் அது தெரிய வாய்ப்பில்லை. அகல் வெளிச்சத்தில் அதன் நிழல் ஒரு கறுப்புக் கயிறாக மலர்ந்த தாமரையின் தண்டுவரை ஏறியிருந்தது. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பையில் அப்பாவின் கரணை இருந்தது, தேய்ந்துபோன அது. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தக் கடைசி அகலை எடுத்து இங்க கொஞ்சம் பிடி. இன்னும் கீழ. சுவரோட ஒட்டினாப்பல."

அவள் இரண்டு கைகளிலும் அகலை ஏந்திப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சுரண்டத் தொடங்கினேன்.